கோட்டுக்குக் கீழே

மணி இரண்டு பத்து. புறவழிச்சாலை. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை...

இருங்கள். முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள், எந்திர அறைக் குளிரெல்லாம் இங்கேதான் வருகிறது. பெரிய விளக்கு வேண்டாம். கன்சோல் திரை வெளிச்சம் போதும். ஐந்து பேர்தானே, நெருக்கி உட்காருங்கள். ஓடுகிற ஜாப் முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். "எட்டு வருஷமா ராத்திரி ஷிஃப்ட்லயே இருக்கீங்களே, ஒண்ணுமே பாத்ததில்லையாக்கா?" என்று கேட்டது நீங்கள்தான். கேட்ட பாவத்துக்கு முழுசாகக் கேளுங்கள்.

"பேயெல்லாம் மெமரில லோடு ஆகுமாக்கா? எத்தனை பைட் வரும்?"

ரேடியோ கேட்கிறான். இவனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும், நிறுத்தவே தெரியாது. சிரி தம்பி, இப்போதே சிரித்துக்கொள். எத்தனை பைட் என்று கடைசியில் நானே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. நேற்று ராத்திரி எந்திரத்தில் ஓடின ஜாப் பாதியில் நின்று விழுந்ததே, யார் செய்த வேலை என்று சாயங்காலம் கேட்டேன். ரேடியோ என்ன சொன்னான்? "லீவுல இருக்காளே, கைக்குழந்தைக்காரி, அவ ஐடிதான்க்கா லிஸ்டிங்ல இருக்கு. வீட்டுலேர்ந்தே லிங்க் போட்டுத் தொலைச்சிருக்கா. திங்கட்கிழமை மெமோ போகுது. பாவம்." பாவம்தான். அதை அப்புறம் பேசுவோம்.

மணி இரண்டு பத்து. புறவழிச்சாலை. காரில் போகிறவர் என் தோழியின் அத்தான். அவளுடைய அக்கா வீட்டுக்காரர். எனக்கு மேலதிகாரியும் அவர்தான். இதே மின்சார அலுவலகம், இதே எந்திரம், ஆனால் பழைய கட்டடம். நீங்கள் யாரும் அப்போது வேலையில் சேரவில்லை. இதில் பாதி அவர் தன் மனைவியிடம் சொன்னது. மீதி என் கண்ணால் பார்த்தது.

ஜாப் விழுந்தது என்று நான்தான் அவரைக் கூப்பிட்டிருந்தேன். சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கார்க் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கிறது. அப்படியும் ஒரு வாடை. முடி கருகிய வாடை... அதோடு சூடான ரப்பர். வண்டியில்தான் ஏதோ தீய்கிறது என்று ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

தலைக்கு மேலே ஒரு சத்தம். க்ரிக்... க்ரிக்... திருகாணி திருகுகிற சத்தம்.

நிமிர்ந்து பார்த்தார். மின்கம்பத்து உச்சியில் ஓர் ஆள். இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறான். தலையில் விளக்கு இல்லை. கீழே வண்டி இல்லை, ஏணி இல்லை, கூட ஆள் இல்லை. ஒரு கையில் ஸ்பேனர். இன்னொரு கையில் ஒரு தாள்... இரண்டு ஓரமும் துளை போட்ட, நம் எந்திரத்தில் அச்சடித்த தாள்.

அந்த ஆள் குனிந்து பார்க்கவில்லை. மேலே பார்த்தபடியே கேட்டான்.

"சார்... இந்த லைன் ஆஃப்தானே?"

அத்தான் ஓடினார். காருக்குள் விழுந்தார், கிளப்பினார். வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று அவருக்கே தெரியாது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? அவர் மடியில் இருந்தது லேசுப்பட்ட கனம் இல்லை. அந்தக் குரல் யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவன் செத்து அன்றைக்கு ஒரு வருஷம்.

வாட்ச்மேன் அண்ணே, உங்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்குத் தெரிந்ததுதான். எந்திரத்தின் மெமரி என்பது நீளமான ஒரே தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் உண்டு. தெருவில் ஓர் இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். கோட்டுக்குக் கீழே பழைய பேட்டை, ஆறு இலக்கக் கதவு எண். கோட்டுக்கு மேலே புதுப் பேட்டை, முன்னால் கூடுதல் இலக்கம் வரும். பழைய புரோகிராம்களுக்கு ஆறு இலக்கம் எழுதத்தான் சீட்டில் இடம். மேல் வீட்டு எண்ணை அவற்றிடம் கொடுத்தால் முன்னால் இருப்பதை உதிர்த்துவிட்டு, மிச்ச ஆறு இலக்கத்தை வைத்துக்கொண்டு பழைய பேட்டையில் போய்க் கதவைத் தட்டும். அங்கே யார் குடியிருக்கிறார்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அதனால் ஒரு மாட்யூலை, அதாவது புரோகிராமின் ஒரு துண்டை, லிங்க் போட்டுச் சேர்க்கும்போது, அது எங்கே குடியிருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவோம். 'கீழே' என்று எழுதலாம். 'எங்கேயும்' என்றும் எழுதலாம். 'எங்கேயும்' என்றால் எந்திரம் மேலே கொண்டுபோய் வைத்துவிடும். கூப்பிடுகிறவர்கள் பழைய ஆட்களாக இருந்தால் 'கீழே' என்றுதான் எழுத வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரியில் மூன்று உயிர் போயிற்று.

எங்களுடன் ஒரு பெண் வேலை பார்த்தாள். டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். யார் எழுதிய புரோகிராமைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பித் தருவாள். இளைப்பு நோய்க்காரி. பேசும்போது நடுநடுவே நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கைப்பையில் எப்போதும் மூச்சுக்கு அடிக்கிற மருந்து இருக்கும். அவள் எழுதிய மாட்யூல்தான் ராத்திரி தோறும் ஒரு பட்டியல் போடும். எந்தெந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறோம், எதில் ஆள் ஏறலாம் என்ற பட்டியல். லைன்மேன்கள் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கம்பம் ஏறுவார்கள்.

அவள் புருஷனும் லைன்மேன்தான். தாள் வாங்க வரும்போதெல்லாம் எங்களிடம் பெருமையடித்துக்கொள்வான். "எம் பொண்டாட்டி எழுதின பேப்பருங்க. கண்ணை மூடிக்கிட்டு ஏறுவேன்."

டீச்சர் அந்தப் புரோகிராமின் தலையிலேயே எழுதி வைத்திருந்தாள், இதைக் கீழேதான் வைக்க வேண்டும், கூப்பிடுகிறவர்கள் பழைய ஆட்கள் என்று. அத்தானிடம் வாய்விட்டும் சொன்னாள். ஆனால் கீழே இடம் போதவில்லை. மேலதிகாரிகளிடமிருந்து நெருக்கடி. அவருக்குப் பதவி உயர்வு வருகிற நேரம். "எல்லாரும் மேல போயாச்சு, இது ஒண்ணு மட்டும் என்ன ஒசத்தி?" என்று ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாமல், 'கீழே' என்பதை 'எங்கேயும்' என்று மாற்றி லிங்க் போட்டுவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி புயல். ஊரெல்லாம் லைன் அறுந்து கிடக்கிறது. பட்டியல் ஓடியது. பழைய புரோகிராம் மாட்யூலைத் தேடிப் போனது. முன் இலக்கத்தை உதிர்த்தது. கீழே போய்த் தட்டியது. வழக்கமாக அப்படிப் போனால் எந்திரம் அலறிக்கொண்டு நின்றுவிடும், ஒரு ஜாப் விழும், தொலைந்தது சனியன் என்று மறுபடி போடுவோம். அன்றைக்கு நிற்கவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் அதே மாட்யூலின் பழைய சோதனைப் பிரதி ஒன்று உட்கார்ந்திருந்தது. போன மாதத்து அட்டவணையோடு. லட்சத்தில் ஒரு தடவை கூட நடக்காது. நடந்தது. அது சமத்தாகப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தது.

டீச்சர் புருஷன் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு புறவழிச்சாலைக் கம்பத்தில் ஏறினான். தாளில் அந்த லைன் ஆஃப். கம்பத்தில் ஆஃப் இல்லை.

மணி இரண்டு பத்து.

மூன்று மணிக்கு அத்தான் ஓடிவந்தார். மாட்யூலைப் பழையபடி 'கீழே' என்று லிங்க் போட்டார். யாருடைய ஐடியில்? டீச்சருடைய ஐடியில். மத்தியானம் போட்ட லிங்க்கின் பதிவையும் அவள் பெயருக்கு மாற்றினார். தலைமை அவர்தானே, எல்லாச் சாவியும் அவரிடம் இருந்தது. விசாரணை மூன்றே நாள். "அவங்களே மாத்தியிருக்காங்க, தப்பு தெரிஞ்சதும் அவங்களே சரி பண்ணியிருக்காங்க" என்று எழுதி முடித்துவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கான்டீனில் அவள் காதில் விழும்படியே பேசினார்கள், புருஷனைத் தன் கையாலேயே கொன்றவள் என்று. நானும் அந்த மேஜையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அவள் அழவில்லை. ஒன்றுதான் சொன்னாள்.

"லிங்க் போட்டா லிஸ்டிங் தாள்ல வந்திருக்கும். ஸ்க்ரீன்ல மாத்தலாம். தாள்ல மாத்த முடியாது."

அந்தக் காலத்தில் ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு தாள் விழும். யார் போட்டது, எத்தனை மணிக்கு, எங்கே குடியிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாள்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, கட்டடத்துக்கு அடியில், தரைக்குக் கீழே ஓர் அறையில் அடுக்குவார்கள். இரும்புக் கதவு. ஜன்னல் கிடையாது. போன் எடுக்காது. ஒரே சாவி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் அங்கே இறங்கிப் போனாள். கதவைத் திறந்து வைத்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அத்தான் பின்னாலேயே போனார். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். பூட்டினார். உள்ளேயிருந்து தட்டினாள். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். கதவில் வாயை வைத்து இவர் சொன்னது ஒரே வார்த்தை.

"திங்கட்கிழமை பேசிக்கலாம்."

பயமுறுத்துவதற்காகத்தான் செய்தாராம். சாகடிக்க நினைக்கவில்லையாம். மேலே வந்தபோது அவளுடைய கைப்பை நாற்காலியில் இருந்ததைப் பார்த்தேன் என்று அவரே மனைவியிடம் சொன்னார். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பிட்டார். தூங்கினார். மனுஷனா அவர்?

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து அவர்தான் திறந்தார். அவள் கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். கைக்குள் ஒரு தாள், அவருடைய ஐடியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாளை எடுத்தார். வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். அப்புறம் திரும்பி வந்து கூச்சல் போட்டு ஆட்களைக் கூட்டினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டு இறுகிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். டீச்சர் செத்த பிறகும் கொலைகாரி என்ற பெயரோடுதான் இருந்தாள்.

என்ன ரேடியோ, கேள்வி ஒன்றும் காணோமே? சரி, கேள்.

கம்பத்து ஆள் கூப்பிட்ட மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. மெமரியில் யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ராத்திரி ஒரு பட்டியல் விழும். அன்றைக்குக் கோட்டுக்குக் கீழே, யாரும் லிங்க் போடாத ஒரு வரி. மாட்யூல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊழியர் எண். டீச்சருடையது. நீளம் எட்டு பைட். நேரம் இரண்டு பத்து. நான்தான் கிழித்துக் கொண்டுபோய் அத்தானிடம் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரோ விளையாடுறாங்க" என்றார். அழித்தார்.

மறுநாள் பதினாறு பைட். அழித்தார். அதற்கடுத்த நாள் முப்பத்திரண்டு. எந்திரத்தையே நிறுத்திக் கிளப்பினார். அறுபத்து நான்கு. அவர் எந்த மாட்யூலை 'எங்கேயும்' என்று லிங்க் போட்டாலும் லிஸ்டிங் தாளில் 'கீழே' என்றே வந்தது. கடைசியில், "அந்தப் பட்டியலே வேண்டாம், பிரிண்டரை நிறுத்திடு" என்றார். நிறுத்தினேன். பிளக்கையும் பிடுங்கினேன். இரண்டு பத்துக்கு அது பாட்டுக்கு ஓடியது. க்ர்ர்ர்... டக். க்ர்ர்ர்... டக்.

அப்புறம் அவர் வீட்டில். பன்னிரண்டாவது மாடி, கதவு எண் 1204. முதலில் ஒரு பார்சல் தப்பாகப் போனது, 204க்கு. அப்புறம் பேப்பர். அப்புறம் காஸ் சிலிண்டர். 204 காலி வீடு, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. பத்து வருஷம் பழகிய செக்யூரிட்டி ஒருநாள் சல்யூட் அடித்துவிட்டுக் கேட்டான், "சார், நீங்க 204தானே?"

முன்னால் இருந்த ஒன்று உதிர்ந்துவிட்டது. புரிகிறதா?

ஒரு வெள்ளிக்கிழமை லிஃப்டில் ஏறிப் பன்னிரண்டை அழுத்தினார். விளக்கு பன்னிரண்டு என்று காட்டியது. கதவு திறந்தால் இரண்டாவது மாடி. மறுபடி அழுத்தினார். மறுபடியும் இரண்டு. சீ என்று மாடிப்படியில் ஏறினார். ஒவ்வொரு மாடியாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார். பத்து... பதினொன்று... பன்னிரண்டு. தன் வீட்டுக் கதவு. தன் வீட்டு மிதியடி. சாவியைப் போட்டார், திரும்பியது.

உள்ளே விளக்குச் சுவிட்ச் இருக்கும் இடத்தில் கை வைத்தார். சுவரைக் காணோம். அட்டைப்பெட்டி. அதற்கு மேல் இன்னொரு பெட்டி. கூரை வரைக்கும் பெட்டிகள். நமுத்துப்போன காகித வாடை மூக்கில் ஏறியது. பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு... இழுக்கும்போது விசில், விடும்போது விசில். தாளைப் புரட்டும் சத்தம். சர்ர்... சர்ர்... எதையோ தேடுகிற மாதிரி. திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து இவரை நோக்கி மூச்சு வர ஆரம்பித்தது.

விழுந்தடித்து வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், கதவில் எண் 204.

அன்றைக்கு ராத்திரிதான் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். லிங்க், தாள், பூட்டு, பை, எல்லாம். தோழியின் அக்கா நல்ல மனுஷி. வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"இப்பவே கிளம்புங்க. அந்தப் பொண்ணு பேர்ல இருக்கிற பழியை எடுங்க. இந்த நிமிஷமே எழுதிக் குடுங்க. அவ கேக்குறது அது ஒண்ணுதான்."

"வேலை போயிடும்டி. ஜெயில்ல போட்டுடுவாங்க."

"போனாப் போகுது! உசுரு இருக்கும்ல?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"சரி. திங்கட்கிழமை எழுதிக் குடுத்துடறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாளாம். இரண்டு நாளும் அவரை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. ராத்திரி ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையை அவர் மணிக்கட்டில் கட்டினாள், மறு முனையைத் தன் மணிக்கட்டில். பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு. சனிக்கிழமை ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு ராத்திரி, துண்டு சில்லென்று இருக்கிறதே என்று கண் விழித்தாள். படுக்கையில் ஆள் இல்லை. வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி. துண்டில் முடிச்சு அப்படியே இருந்தது, அவிழவில்லை. கை இருந்த வட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மணி என்ன என்று நான் சொல்ல வேண்டுமா?

அதே நேரம் நான் பழைய கட்டடத்தில் ஷிஃப்டில் இருக்கிறேன். பிரிண்டர் ஓடுகிறது. போய்ப் பார்த்தேன். டீச்சர் எண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு வரி. அத்தானுடைய ஊழியர் எண். இருப்பிடம், கீழே. படித்துக்கொண்டிருக்கும்போதே கால் பாதத்தில் ஓர் அதிர்வு. தரைக்கு அடியிலிருந்து. மூன்று தட்டு... நிறுத்தம். மூன்று தட்டு... நிறுத்தம்.

அந்தக் கட்டடத்து வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். இரும்புக் கதவு வெளியே பூட்டியிருக்கிறது. சாவி வழக்கமாக மாட்டுகிற ஆணியில் இல்லை. "யாரு உள்ள?" என்று கத்தினேன். தட்டுவது நிற்கவில்லை. கட்டர் வைத்திருப்பவனை எழுப்பிக் கூட்டிவந்து பூட்டை அறுக்க நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் தட்டு. வரவர மெதுவாக. பூட்டு கீழே விழுந்தது, தட்டும் நின்றது.

அத்தான் கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். டீச்சர் கிடந்த அதே இடம். உடம்பில் ஒரு காயம் இல்லை. அவருக்கு ஆயுசில் இளைப்பே வந்ததில்லை. மூச்சுமுட்டிச் செத்தார் என்று டாக்டர் எழுதினார். வெளியே பூட்டிய பூட்டின் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. இறுக மூடிய கைக்குள் ஒரு தாள். ஓரம் கூடக் கருகாத தாள். அவர் ஐடியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், தொட்டால் விரலில் ஒட்டுகிற ஈரத்தோடு.

அந்தத் தாளை வைத்துத்தான் டீச்சர் பெயரிலிருந்த பழியை எடுத்தார்கள். சரி, அவள் ஆத்திரம் தீர்ந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

அப்புறம் இந்தப் புதுக் கட்டடத்துக்கு வந்தோம். பிரிண்டர்களை அன்றைக்கே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம். இப்போது பட்டியல் திரையில்தான் வரும். அந்த இரண்டு வரியும் கூடவே வந்தன. நீங்கள் யாரும் கடைசிப் பக்கம் வரைக்கும் பார்ப்பதில்லை, நான் பார்ப்பேன். டீச்சர் எண், அன்றைக்கு நின்ற நீளத்திலேயே நின்றுவிட்டது. அத்தான் எண் மட்டும் தினமும் குறையும். கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ கடித்துத் தின்கிற மாதிரி.

இந்த மேஜை போனில் தினமும் ஒரு கால் வரும். பெண் குரல், தொண்டை கட்டின மாதிரி இருக்கும். "இன்னிக்கு எவ்வளவு மிச்சம்?" என்று கேட்கும். அந்த வரியைப் பற்றி நான்தான் தோழியின் அக்காவிடம் சொல்லியிருந்தேன், அவள்தான், பாவம், புருஷனை நினைத்துக் கேட்கிறாள் என்று நானும் அந்த நீளத்தை வாசிப்பேன். மூன்று வருஷம் வாசித்தேன். போன வாரம் அவளை நேரில் பார்த்தேன். "தினமும் ஏன்க்கா கூப்பிட்டுக் கேக்குறீங்க, மனசை வருத்திக்காதீங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நானா? அந்த ஆபீஸ் நம்பரை அன்னிக்கே அழிச்சிட்டேனே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குரலில், ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவிலும், ஒரு விசில் இருக்கும்.

முந்தாநாள் ராத்திரி அத்தான் எண் சைபருக்கு வந்தது. வரியே போய்விட்டது. நேற்று ராத்திரி உங்கள் ஜாப் விழுந்தது, யாரோ ஒருவர் ஒரு பழைய மாட்யூலை மேலே தூக்கி வைத்ததால். லிங்க் போட்டது கைக்குழந்தைக்காரியின் ஐடி. அவள் அந்த நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். போனைக் கூட வீட்டில் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் விசாரித்துவிட்டேன்.

எத்தனை பைட் என்று கேட்டாயே, ரேடியோ. நேற்று இரண்டு பத்திலிருந்து டீச்சர் எண் மறுபடி வளர ஆரம்பித்திருக்கிறது. எட்டு பைட் கூடியிருக்கிறது. நேற்று போனில் மிச்சம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "நாளைக்கு ஷிஃப்ட்ல யார் யாரு?" என்று கேட்டது. பயத்தில் நானும் உங்கள் ஐந்து பேர் பெயரையும் வாசித்துவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கதை. நான் யாரையும் கைநீட்டிச் சொல்லப் போவதில்லை. அதோ காகிதம், அதோ பேனா. இரண்டு பத்துக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மெமோ போகக் கூடாது. செய்தவர்கள் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேலை போனால் போகட்டும்.

...

ரேடியோ தலையைத் தூக்கு. ஏன் அழுகிறாய்? சொல்.

"நான்தான்க்கா... பயத்துல அவ ஐடில போட்டுட்டேன். என்னை நம்புங்கக்கா. திங்கட்கிழமை காலைல மொத வேலையா எழுதிக் குடுத்துடறேன்."

ஐயோ... தம்பி.

"அம்மா, உள்ள எந்திர ரூம்ல என்னமோ ஓடுற சத்தம் கேக்குதும்மா... க்ர்ர்ருங்குது, டக்குங்குது... அது என்ன மிஷினு?"

கேட்கிறது வாட்ச்மேன் அண்ணே. எனக்கும் கேட்கிறது. அது பிரிண்டர். இந்தக் கட்டடத்தில் நம்மிடம் பிரிண்டரே கிடையாது.